செவ்வாயும் வெள்ளியும் கிளைவிட்ட நரம்பு

கலியமூர்த்தியைக் கண்டால் எலிகளுக்குப் பயமில்லை. கூண்டைத் திறந்து கையை உள்ளே விட்டால் நாலைந்து வெள்ளைச் சுண்டெலிகள் தாமாகவே உள்ளங்கையில் ஏறிக்கொள்ளும். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவற்றைக் கொல்கிற வேலையும் அவனுடையதுதான் என்பதால் அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசிக்கொண்டதில்லை.

சிதம்பரத்தில் வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. மூன்று அறை, ஓர் எலிக்கொட்டகை, வாரத்தில் நாலு நாள் மக்கர் பண்ணும் ஒரு குளிர்பெட்டி. அங்கே கலியமூர்த்தி அட்டெண்டர். வயது முப்பத்திரண்டு. கடலூர் செம்மண்டலத்தில் வீடு. காலையில் திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் வண்டி ஏறினால் ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று எல்லா ஊரையும் நலம் விசாரித்துக்கொண்டு வண்டி சிதம்பரம் வந்து சேரும். சாயங்காலம் அதே வழியில் திரும்புவான். பரம்பரையாகப் பயிர் செய்த குடும்பம். நிலத்தை அண்ணன் தம்பி ஐந்து பேர் பிரித்துக்கொண்டபோது, அவன் பங்கில் ஒரு கட்டில்தான் போட முடியும் என்று மச்சான் கொளஞ்சி கேலி செய்வான். அது மிகை. இரண்டு கட்டில் போடலாம்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கை வேலையோ அதைவிடச் சுத்தம். எலியின் தாடைக்கு அடியில் எச்சில் சுரப்பி ஒன்று இருக்கிறது. பட்டாணிப் பருப்பு அளவு. அதைக் கிழியாமல் முழுசாக எடுப்பதற்கு அந்தக் கூடத்தில் அவனை விட்டால் ஆளில்லை. படித்தவர்கள் எடுத்தால் பாதி பிய்ந்து வரும்.

அந்தச் சுரப்பி யாருக்கு என்றால், சௌந்தரத்துக்கு. விருத்தாசலத்தில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெண். இருபத்தேழு வயது. கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிப்போடுவதாக அப்பாவிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, உதவித்தொகையில் ஆராய்ச்சி செய்ய வந்தவள். எட்டு நாள் அடைகாத்த கோழி முட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் கருவின் முதுகெலும்பு ஓரத்திலிருந்து கடுகிலும் சிறிய நரம்பு முடிச்சு ஒன்றை எடுப்பாள். அதை ஒரு சொட்டுத் திரவத்தில் வைத்து, எலிச் சுரப்பியை அரைத்து எடுத்த சாற்றில் கொஞ்சம் சேர்ப்பாள். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த முடிச்சைச் சுற்றி நரம்பு கிளைவிட்டிருக்கும். சாறு சேர்க்காத முடிச்சு சும்மா கிடக்கும்.

"அந்தச் சாத்துல ஒரு புரதம் இருக்கு கலியமூர்த்தி. அதுதான் நரம்பு செல்லைப் பார்த்து, கிளை விடுன்னு சொல்லுது. வெளிநாட்டுல பத்து வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாங்க. அது எவ்வளவு சேர்த்தா எவ்வளவு கிளை வருதுன்னு நான் பாக்கறேன்" என்று அவள் ஒருநாள் சொன்னாள். அட்டெண்டருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதவள் அவள். அதனாலேயே கலியமூர்த்திக்கு அவள் மேல் மரியாதை.

"மனுச வயித்துல இருக்கற கொழந்தைக்கும் இப்படித்தான் கிளை வுடுமாம்மா?"

"இப்படித்தான். மூணு மாசத்துலயே கையி, காலு எல்லா இடத்துக்கும் போயிடும்."

அப்போது அவன் மனைவி விருத்தாம்பாளுக்கு மூன்றாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு முறை பத்து மாதமும் சுமந்து பெற்றாள். இரண்டு குழந்தையும் பிறக்கும்போதே உயிரில்லை.

இது 1965-ஆம் வருஷக் கடைசியில்.

பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் உயிர்க்கொலை செய்யக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. பாம்பு வந்தால்கூட அவன் அடிக்கமாட்டான், பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவான். விருத்தாம்பாளின் அண்ணன் கொளஞ்சி இதைச் சொல்வதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு புள்ள போச்சே, ஏன் போச்சுன்னு யோசிச்சியா மச்சான்? தெனம் எலியக் கொன்னுட்டு அந்தக் கையோட வூட்டுக்கு வர்ற. வேலய வுட்டுடு."

கலியமூர்த்திக்கு முகம் செத்துப்போய்விட்டது. இதை அவனே பல தடவை யோசித்தவன்தான். இன்னொருத்தர் வாயால் கேட்பது வேறு.

விருத்தாம்பாள்தான் குறுக்கே வந்தாள். "வேலய வுட்டுட்டு? நீ வந்து சோறு போடுவியாண்ணே? சும்மா இரு." பிறகு புருஷனைப் பார்த்து, "மாரியம்மாகிட்ட நான் சொல்லிக்கறன். செவ்வா, வெள்ளி ரெண்டு நாளு மட்டும் பொட்ட உசுரத் தொடாத மாமா. அவ பொட்டச்சிதான, புரிஞ்சிக்குவா. அது போதும்" என்றாள்.

இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால், விருத்தாம்பாள் அன்று அடுப்படியில் நின்று எழுதிய சாத்திரத்தில் இருக்கிறது. கலியமூர்த்தி சூடம் ஏற்றி, அதன் மேல் கையை வைத்து நேர்ந்துகொண்டான்.

வேண்டுதல் சுலபம். நிறைவேற்றுவதில்தான் சிக்கல். கூடத்தின் தலைவர் பூவராகன், வேட்டி மடிப்புக் கலையாத மனிதர், ஒரு விதி வைத்திருந்தார். வாரத்தில் நாலு நாள், திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, சௌந்தரத்துக்கு ஆறாறு எலி. ஒவ்வொரு தடவையும் மூன்று ஆண், மூன்று பெண் எடுக்க வேண்டும். ஜோடி சரியாக இருந்தால்தான் கொட்டகையில் குட்டி பெருகும். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

கலியமூர்த்தி ஒரு வழி செய்தான். செவ்வாயும் வெள்ளியும் ஆறும் ஆண். திங்களும் வியாழனும் ஆறும் பெண். வாரக் கடைசியில் ஜோடி சரியாக வந்துவிடும். பதிவேட்டில் நாலு நாளும் அச்சு மாதிரிக் கையெழுத்தில் 'ஆண் 3, பெண் 3' என்று எழுதினான். யாருக்கு என்ன நஷ்டம்? எலி எலிதான், சுரப்பி சுரப்பிதான். சௌந்தரமும் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எலி சாவதை அவளால் பார்க்க முடியாது. பனிக்கட்டி மேல் வைத்த தட்டில் சுரப்பி மட்டும்தான் அவளிடம் போகும். அது எந்த எலியுடையது என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

மார்கழி, தை, மாசி என்று மாதங்கள் ஓடின. கூடத்தில் ஒரு வினோதம் நடக்க ஆரம்பித்தது. ஒரு நாள் எடுத்த சாறு நரம்பைத் தழைக்க வைத்தது. இன்னொரு நாள் எடுத்த சாறு ஒன்றுமே செய்யவில்லை. அதே எடை, அதே உப்பு நீர், அதே கோழி முட்டை. சௌந்தரம் முட்டையைச் சந்தேகப்பட்டாள். கண்ணாடிக் குப்பிகளைச் சந்தேகப்பட்டாள். தண்ணீரை மூன்று தடவை காய்ச்சி வடித்தாள். தன் கையையே சந்தேகப்பட்டு, ஒரு வாரம் முழுக்க எல்லாவற்றையும் இரண்டிரண்டு தடவை செய்தாள்.

கடைசியில் பங்குனி மாதத்தில் பனிக்கட்டியைச் சந்தேகப்பட்டாள். அதில் நியாயம் இருந்தது. கடலூர் முதுநகரில் மீனுக்காகப் பனிக்கட்டி போடும் தொழிற்சாலையிலிருந்து ஓர் ஆள் ரயில் மேடைக்கே வந்து, மரத்தூளும் சாக்கும் சுற்றிய கட்டியைக் கலியமூர்த்தியிடம் கொடுப்பான். அது வருவது செவ்வாயும் வெள்ளியும். திங்களும் வியாழனும் மிச்சமிருந்த பழைய பனிக்கட்டியை வைத்து ஓட்டுவார்கள்.

"அதேதான்! புதுப் பனிக்கட்டி வர்ற நாள்ல சாறு நல்லா இருக்கு. பழசுல புரதம் கெட்டுப்போகுது" என்று சௌந்தரம் துள்ளினாள். பூவராகனிடம் கெஞ்சி நாலு நாளும் பனிக்கட்டிக்கு ஏற்பாடு செய்தாள். கலியமூர்த்தி நாலு நாளும் சொட்டச் சொட்ட சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அவனுக்கு மீன் வியாபாரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒன்றும் மாறவில்லை. புதுப் பனிக்கட்டி வைத்த திங்கட்கிழமையும் நரம்பு முடிச்சு சும்மா கிடந்தது.

மே மாதம் பூவராகன் சௌந்தரத்தைக் கூப்பிட்டனுப்பினார். ஜூன் மாதத்தோடு உதவித்தொகை முடிகிறது. ஒருநாள் வருகிறது, ஒருநாள் வரவில்லை என்று சொல்லும் ஆராய்ச்சியை வைத்துக்கொண்டு நீட்டிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது. மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பதை அவர் நாகரிகமாகச் சொன்னார். நாகரிகமாகச் சொன்னாலும் அது அதுதான்.

அன்று மத்தியானம் கலியமூர்த்தி அவள் அறையைப் பெருக்கப் போனான். சுவரில் மாதக் காலண்டரின் இரண்டு தாள் ஒட்டியிருந்தது, ஏப்ரலும் மேயும். சில தேதிகளில் சிவப்புப் பென்சிலால் புள்ளி.

"இது என்னாம்மா?"

"நரம்பு கிளைவிட்ட நாளுக்குப் புள்ளி" என்றாள். குரல் கரகரத்தது. "அந்தந்த நாள்ல எடுத்த சாத்துக்கு. பாருங்க, எல்லாம் செவ்வாயும் வெள்ளியும். என்ன பண்ணாலும் செவ்வாயும் வெள்ளியும். புரதத்துக்குக் கிழமை தெரியுமா கலியமூர்த்தி? இதை எழுதினா என்னைப் பைத்தியம்னுதான் சொல்லுவாங்க."

துடைப்பம் கையில் இருந்தது. கீழே விழவில்லை. ஆனால் பெருக்கின இடத்தையே அவன் மறுபடியும் மறுபடியும் பெருக்கிக்கொண்டிருந்தான். ஒரு கண்ணாடிச் சொட்டுக்குள் நடக்கிற விஷயம் அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். செவ்வாயும் வெள்ளியும் கொட்டகையில் என்ன நடந்தது என்று இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

சொல்லியிருக்கலாம், அங்கேயே. சொல்லவில்லை. அவன்மேல் கோபப்படுவதற்கு முன்னால் அவன் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஆறு மாதமாகப் பதிவேட்டில் பொய் எழுதியிருக்கிறான். பூவராகன் பதிவேட்டில் ஒரு தேதி தப்பினாலே ஆளை வீட்டுக்கு அனுப்புகிறவர். வீட்டில் விருத்தாம்பாளுக்கு ஒன்பதாம் மாதம். இந்த நேரத்தில் வேலை போனால்? அதோடு இன்னொரு பயமும் இருந்தது. விஷயம் தெரிந்தால், சோதித்துப் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை பெண் எலி கொண்டு வா என்று சொல்வார்கள். இன்னும் இருபது நாள்தான். இருபது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் குழந்தை பிறந்துவிடும்.

அன்று சாயங்காலம் அவன் சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து விருத்தாம்பாள் கேட்டாள். அவன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டான்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எதிரில் உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ணு அழுவுதா?"

"கண்ணு செவந்திருந்தது."

"ஊருக்குப் போயி என்னா பண்ணும்?"

"கல்யாணம் கட்டி வெச்சிருவாங்க. படிப்பு அதோட சரி."

விருத்தாம்பாள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு, "செவ்வா வெள்ளி பொட்ட உசுருக்குக் கெடுதல் பண்ணமாட்டன்னுதான நேந்துக்கிட்ட? அந்தப் பொண்ணு யாரு மாமா? பொட்டச்சி இல்லியா? எலிய வுட்டுட்டு அது கழுத்த அறுத்துட்டு வர்றியே" என்றாள்.

அவன் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"வேல போனா போவுது. அண்ணன் ஒரு வாய் பேசும், ஆனா நாலு நாளு சோறு போடும். நீ போயி சொல்லு."

மறுநாள் புதன்கிழமை. சௌந்தரம் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கலியமூர்த்தி வாசலிலேயே நின்று சொன்னான். மனைவி, இரண்டு குழந்தைகள், வேண்டுதல், ஆறு ஆண், ஆறு பெண், பதிவேடு. அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு கையில் இருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் வீசினாள்.

"ஆறு மாசம்! தண்ணியைக் காய்ச்சினேன், முட்டையை மாத்தினேன், பனிக்கட்டிக்காக ஐயா காலில் விழாத குறை. நீங்க பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருந்தீங்க!"

"விசயம் எலி ஆணா பொண்ணாங்கறதுல இருக்கும்னு தெரியாதும்மா. சத்தியமா நேத்துதான் தெரிஞ்சிது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா, ஆத்திரத்தை அடக்கினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பியபோது அவள் முகமே மாறியிருந்தது. படிக்கிறவர்கள் இப்படித்தான். எவ்வளவு கோபத்திலும் ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் கோபம் இரண்டாம் பட்சம்.

"அப்போ கிழமை இல்ல, பனிக்கட்டி இல்ல. ஆண் எலியோட சுரப்பியிலதான் அந்தப் புரதம் ஜாஸ்தி. அப்படின்னா சோதிக்கணும். வெள்ளிக்கிழமை பெண் எலி எடுத்து..." என்று ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"வெள்ளிக்கெழம எதுக்கும்மா? இன்னிக்குப் புதன். மூணு ஆணு, மூணு பொண்ணு, இன்னிக்கே தர்றன். ரெண்டு தட்டு. ஒரே பனிக்கட்டி, ஒரே முட்ட. அப்பறம் கெழமய எவன் குத்தம் சொல்லப்போறான்?"

சௌந்தரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எனக்குத் தோணலையே" என்றாள்.

இரண்டு தட்டு தயாரானது. இந்தத் தடவை சௌந்தரம் கொட்டகைக்கு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒவ்வோர் எலியையும் தானே பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் நுண்ணோக்கியில் முதலில் அவள் பார்த்தாள். பிறகு எழுந்து, அவனை உட்காரச் சொன்னாள். ஆறு வருஷமாக அந்தக் கருவியைத் துடைத்திருக்கிறான், அதற்குள் பார்த்ததில்லை. முதலில் தன் கண் இமையே பூதாகரமாகத் தெரிந்தது. பிறகு ஒரு கறுப்பு முடிச்சு. அதைச் சுற்றி எல்லாத் திசையிலும், முளைகட்டிய கேழ்வரகில் வேர் விட்டது மாதிரி, நூலிலும் மெல்லிய கிளைகள். கிளையிலிருந்து இன்னொரு கிளை.

"இது ஆண்" என்றாள். கண்ணாடிச் சில்லை மாற்றினாள். "இது பெண்." முடிச்சு மட்டும் மொட்டையாகக் கிடந்தது. ஓரத்தில் இரண்டே இரண்டு இழை.

ஆண் எலியில் இந்தப் புரதம் அதிகம் என்பதை வெளிநாட்டுக்காரர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள் என்பது, கப்பலில் ஊர்ந்து வந்த ஒரு பழைய இதழிலிருந்து பின்னால் தெரிந்தது. சௌந்தரம் அதற்காக ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கேள்வி வேறு, எவ்வளவு புரதத்துக்கு எவ்வளவு கிளை என்பது. அதற்கான ஆறு மாத அளவுகள் அவள் நோட்டில் இருந்தன. எந்த நாள் ஆண், எந்த நாள் பெண் என்று பதிவேடு சொன்னால்தான் அவை செல்லும். மறுபடி செய்ய நாளில்லை.

அதனால் பூவராகனிடம் போகாமல் முடியாது. இரண்டு பேரும் போனார்கள். சௌந்தரம் காலண்டர் தாள்கள் அடங்கிய உறையைக் கையில் வைத்திருந்தாள்.

பூவராகன் முழுவதையும் கேட்டார். பதிவேட்டை வரவழைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆண் 3, பெண் 3. ஆண் 3, பெண் 3. கையெழுத்து அழகாக இருந்ததே அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்திருக்க வேண்டும்.

"புதன்கிழமை செஞ்சது சரி, கண்ணால பாத்தது. இந்த ஆறு மாசம்? இவன் ஒரு தடவை பொய் எழுதினான். இப்ப வந்து, ஐயா எல்லாச் செவ்வாயும் எல்லா வெள்ளியும் ஆண்தான்னு சொல்றான். எதை நம்பறது? எழுதினதையா, சொல்றதையா?"

அவர் கலியமூர்த்தி பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, சூடத்தில் அடிச்சுச் சத்தியம் பண்ணின ஆளு நீ. ஆறு மாசத்துல ஒரு நாள்கூடத் தவறலையா?"

கேள்வியிலேயே பதில் இருந்தது. இல்லை ஐயா, ஒரு நாள்கூட இல்லை என்று சொன்னால் போதும். சௌந்தரத்தின் நோட்டும் பிழைக்கும், ஒருவேளை வேலையும் பிழைக்கும். கலியமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதைச் சாமியிடம்கூட அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ஒரு நாளு தப்பிட்டன்யா" என்றான். "தை மாசம். பொங்கலுக்கு அடுத்த வெள்ளி."

"என்ன ஆச்சு?"

"அன்னிக்கி விடியக்காலையில வூட்டுல ரத்தம் பட்டுது. அஞ்சாம் மாசம். மருத்துவச்சியக் கூட்டியாந்து வுட்டுட்டு ஓடியாந்தன். முதுநகர்ல பனிக்கட்டி காத்துக்கிட்டிருக்கும், வராம இருக்க முடியல. கையி காலெல்லாம் நடுக்கம். கைக்கி எட்டுன கூண்டத் தெறந்து ஆறையும் மயக்க மருந்து ஜாடியில வுட்டுட்டன். சுரப்பி எடுக்கையிலதான் பாத்தன். ஆறும் பொட்ட." அவன் குரல் உடைந்தது. "தை வெள்ளி. அதுவும் தை வெள்ளியில. அவளுக்காகத்தான் நேந்துக்கிட்டன், அவள நெனச்சிக்கிட்டேதான் தப்புப் பண்ணன். அவகிட்டகூடச் சொல்லலய்யா."

சௌந்தரத்தின் விரல்கள் உறைக்குள் தேடின. சுவரில் ஒட்டாத பழைய தாள்களை அவள் யாருக்கும் காட்டியதில்லை. ஜனவரியை எடுத்து மேசை மேல் விரித்தாள். செவ்வாய்க்கெல்லாம் சிவப்புப் புள்ளி. பொங்கல் விடுமுறைக்கு ஒரு கோடு, மற்ற வெள்ளிக்கும் புள்ளி. இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமைக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"ஆறு மாசத்துல கிளைவிடாத வெள்ளி இது ஒண்ணுதான் சார்" என்றாள். "பனிக்கட்டி புதுசு, முட்டை நல்லது, எல்லாம் சரியா இருந்துச்சு. ஏன்னு தெரியாம நான் நாலு மாசமா முழிச்சிட்டிருக்கேன்."

பூவராகன் அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பதிவேட்டைக் கலியமூர்த்தி பக்கம் தள்ளினார்.

"சிவப்பு மையில ஒவ்வொரு வரியா திருத்து. ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்துப் போடு. நானும் போடறேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு ஆறு பெண்ணுன்னு எழுது." நிறுத்தி, "வீட்டுல இப்ப எப்படி இருக்காங்க?" என்றார்.

வேலை போகவில்லை. சௌந்தரத்தின் நோட்டும் பிழைத்தது. சாயங்கால வண்டியில் கலியமூர்த்தி சந்தோஷமாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் மனைவிக்குத் தெரியாத ஒன்று இப்போது வெளி மனிதர்கள் இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டது. அதை அவனால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவாமல் விருத்தாம்பாளிடம் சொன்னான். தை வெள்ளி, கை நடுக்கம், ஆறு பொட்டை. சொல்லிவிட்டு, அவள் திட்டுவாள் என்று காத்துக்கொண்டு நின்றான். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவள் விரலை மடித்து எதையோ நினைத்துப் பார்த்தாள். "அந்த வெள்ளியா? எனக்கு ரத்தம் பட்டுதே, அன்னிக்கா?"

"அன்னிக்கித்தான்."

"அன்னிக்கி மத்தியானமே நின்னு போச்சே மாமா. அதுக்கப்பறம் ஒரு சொட்டுகூடக் கெடையாது. நீ அந்த எலிங்களக் கொன்னப்பறந்தான நின்னுது? அம்மா கோவிச்சிக்கிட்டிருந்தா நின்னிருக்குமா?"

நாலு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணினவனுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். விருத்தாம்பாள் அவன் தலையில் கையை வைத்து, "இத்தன நாளும் ஒண்டியா வெச்சிக்கிட்டு இருந்தியே, அதுக்குத்தான் உன்ன அடிக்கணும்" என்றாள்.

இருபது நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, நல்ல வெயில் நேரத்தில் அவளுக்கு வலி எடுத்தது. கொளஞ்சி வண்டி கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் கலியமூர்த்தி சுவரில் சாய்ந்து நின்றான். அந்த வராந்தா அவனுக்குப் பழக்கம். இரண்டு தடவை நின்றிருக்கிறான். இரண்டு தடவையும் கதவுக்குப் பின்னால் சத்தம் ஓய்ந்து, பிறகு நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள்.

இந்தத் தடவையும் சத்தம் ஓய்ந்தது. கொளஞ்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பிறகு உள்ளே குழந்தை அழுதது.